என்கிற

போன வாரம் செவ்வாய்க்கிழமை. கோர்ட் முடிந்து, தம்புச் செட்டித் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் வண்டிகள் நிற்கிற நேரம். தூறல் வேறு. ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். "அக்கா, அறுபத்து மூணு சர்டிபிகேட் ஒண்ணு அடிக்கணும். காலையில ஃபைல் பண்ணியே ஆகணும்" என்றார்.

இந்தத் தெருவில் 27 வருஷமாக ஜாப் டைப்பிங் செய்கிறேன். முதலில் ரெமிங்டன், அப்புறம் எலெக்ட்ரானிக் டைப்ரைட்டர், இப்போது இரண்டு கம்ப்யூட்டர். அஃபிடவிட், வக்காலத்து, வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் அடிக்கிறேன். ராத்திரி ராயபுரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு எனக்கென்று ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன். தபால் வழியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஆய்வுக் கட்டுரைகளை அகராதியும் கையுமாக வாசிப்பேன். முழுதாகப் புரிகிறவை கொஞ்சம்தான். ஆனாலும், பகலில் நான் அடிக்கிற காகிதங்களும் ராத்திரி வாசிக்கிற கட்டுரைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்று கொஞ்ச நாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அது நிச்சயமாகிவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் அந்த சர்டிபிகேட். 1872இன் இந்திய சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 65பி என்று எல்லோரும் சொன்ன பிரிவுதான் இப்போது 63. சிசிடிவி பதிவோ, செல்போன் வீடியோவோ, வாட்ஸ்அப் உரையாடலோ, எதன் நகலை கோர்ட்டில் கொடுத்தாலும் கூடவே ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏ பகுதி கட்சிக்காரருக்கு, பி பகுதி நிபுணருக்கு. கருவியின் கம்பெனி, மாடல், வரிசை எண், அதன் நிறம்கூடக் கேட்கிறது. அதற்கப்புறம் வருகிறது ஹாஷ் மதிப்பு.

ஹாஷ் என்றால் ஒரு ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைக் கணக்குப் போட்டு அரைத்து 64 எழுத்தும் எண்ணுமாகத் தருவது எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை. புதிதாக வந்தபோது நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு வரி அடித்து ஹாஷ் எடுத்தேன். கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது, அடியோடு வேறு.

தம்பி கொண்டுவந்தது ஒரு கடை வாசல் சிசிடிவியில் பதிவான வீடியோ. டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அந்தக் கடைக்காரர் பையன் ஹாஷ் எடுத்துத் தாளில் குறித்து வைத்திருந்தான், நல்ல பிள்ளை. நான் பென் டிரைவில் இருந்ததற்கு ஹாஷ் எடுத்தேன். முதல் எழுத்திலேயே ஒத்துவரவில்லை.

"இதை எங்கேருந்து காப்பி பண்ணீங்க தம்பி?"

"சீனியர் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாருக்கா. அதைத்தான் ஏத்தினேன்."

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருங்கிப் போகும். பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே கடை, அதே லோடு ஆட்டோ, அதே அடி. ஆனால் உள்ளே இருக்கிற 0, 1 வரிசை மாறிவிட்டது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "படம் அதேதானே அக்கா?" என்று கேட்டார். "படம் அதேதான், ஃபைல் அது இல்லையே" என்றேன். சொல்லிவிட்டு நானே அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். 27 வருஷத்தில் நான் அதிகமாக அடித்த அஃபிடவிட் இதற்கு நேர் எதிரானது.

ஜார்ஜ் டவுனில் ஜாப் டைப்பிங் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாங்கள் வாரத்துக்கு நாலாவது அடிப்பது 'ஒன் அண்ட் த சேம்' அஃபிடவிட். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். பத்திரத்தில் அப்பா பெயருக்கு இனிஷியல் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. "மேற்படி இரு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும் என இதன் மூலம் உறுதிமொழிகிறேன்." கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். எங்கள் அம்மாவுக்கு அதை அடிக்கும்வரை அந்த வரியின் கனம் எனக்குத் தெரியாது.

அம்மா காசிமேட்டில் பிறந்தவர். 1943 அக்டோபரில் மெட்ராஸை மூழ்கடித்த வெள்ளம் வந்ததே, அந்த மாதம். பாட்டி சாகும்வரை அப்படித்தான் சொன்னார்: "தண்ணி வந்தப்போ பொறந்தவ." பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிக்கூடம் இரண்டு வருஷம். கோயில் திருமுழுக்குப் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி இருக்கிறது, ஒரு புனிதையின் பெயரோடு. அந்தப் பெயரால் அம்மாவை யாருமே கூப்பிட்டதில்லை. வீட்டில் பாப்பா, தெருவில் பாப்பா. கணக்கெடுக்க வந்தவர் பாப்பம்மாள் என்று எழுதிக்கொண்டு போக, அதுவே ரேஷன் கார்டு, ஓட்டர் அட்டை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

2009இல் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். வயதுக்குக் கோயில் பதிவேட்டு நகல் வைத்தோம். "இது வேற யாரோ பொம்பளை" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அஃபிடவிட் அடித்து, நோட்டரி முத்திரை வாங்கிக் கொடுத்தோம். அப்புறமும் நேரில் வரச்சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மாவைப் பார்த்து, "இதுல எதும்மா உன் உண்மையான பேரு?" என்றார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டையும் கூப்பிடு சார். ரெண்டுக்கும் நான்தான் திரும்புவேன்."

பணம் வர 14 மாதம் ஆனது. அந்த 14 மாதமும் எனக்குள் ஒரு ஆத்திரம் இருந்தது. 66 வயதுப் பெண்மணி தான் தானே என்று தாளில் நிரூபிக்க வேண்டியிருந்ததே என்று.

அந்த ஆத்திரம்தான் என்னை வாசிக்கத் தள்ளியது. முதலில் கிடைத்தவர் ஃப்ரேகே. ஜெர்மனியில் யெனா பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1892இல் ஒரு கட்டுரை எழுதினார். நம்முடைய ஹைகோர்ட் சிவப்புக் கட்டடம் திறக்கப்பட்டதும் அதே 1892இல்தான், ஜூலை 12. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அவருடைய கேள்வி இதுதான்: 'அ = அ' என்று சொன்னால் யாருக்கும் ஒரு புதுச் செய்தியும் இல்லை. 'அ = ஆ' என்றால் அது செய்தி. ஆனால் அ, ஆ இரண்டும் ஒரே பொருள்தான் என்றால், இரண்டு வாக்கியமும் ஒன்றைத்தானே சொல்ல வேண்டும்? செய்தி எங்கிருந்து வந்தது?

அவர் எடுத்த உதாரணம் விடிவெள்ளியும் அந்திவெள்ளியும். இரண்டும் சுக்கிரன்தான். ஆனால் விடிகாலையில் கிழக்கே தெரிவதும் பொழுது சாய்ந்தபின் மேற்கே தெரிவதும் ஒரே கோள் என்பது உட்கார்ந்த இடத்தில் தெரிந்த விஷயம் இல்லை, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஒரே பொருளை நாம் இரண்டு வழியாக எட்டுகிறோம். அந்த வழியைத்தான் ஃப்ரேகே பொருளிலிருந்து பிரித்துக் காட்டினார். கட்டுமரத்தில் போன எங்கள் தாத்தா விடிவெள்ளி பார்த்து நேரம் சொல்வாராம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "காலையில வர்ற வெள்ளி அக்கா, சாயங்காலம் வர்றது தங்கச்சி. அப்பா அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னதும் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அதற்கப்புறம் 'ஒன் அண்ட் த சேம்' அஃபிடவிட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததில்லை. அது வெறும் சடங்கு இல்லை, ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்கிற காகிதம்.

இதே கேள்வியை நம் நாட்டுத் தத்துவக்காரர்கள் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். "அந்தத் தேவதத்தன் இவன்" என்பது வேதாந்த நூல்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். அன்று, அங்கே பார்த்தவன். இன்று, இங்கே நிற்கிறவன். காலமும் இடமும் தோற்றமும் மாறிப்போயின. மாறியதையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுகிற ஒருவனைத்தான் அந்த வாக்கியம் சுட்டுகிறது.

நிஜமாகவே ஒரு கோர்ட் இதை விசாரிக்க நேர்ந்தது. வங்காளத்தில், டாக்கா பக்கம் பவால் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்து தகனமும் ஆகிவிட்டது என்றார்கள். 12 வருஷம் கழித்து, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு சந்நியாசி டாக்காவுக்கு வந்தார். குடிமக்கள் "இவர்தான் நம் குமாரர்" என்றார்கள். அக்கா ஏற்றுக்கொண்டார், மனைவி ஏற்கவில்லை. வழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். மச்சம், தழும்பு, கையெழுத்து, நடை, பேச்சு என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். நீதிபதி பன்னாலால் பாசு 1936இல் சந்நியாசிதான் குமாரர் என்று தீர்ப்புச் சொன்னார். 1940இல் கல்கத்தா ஹைகோர்ட்டும் 1946 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தன. ஜெயித்த சில நாளிலேயே அவர் இறந்துபோனார். பார்த்தா சாட்டர்ஜி இதை வைத்து 2002இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். வழக்குக் காகிதங்களின் வரலாறு ஒரு பக்கம், ஒருவர் அவரேதான் என்றால் என்ன அர்த்தம் என்ற தத்துவம் ஒரு பக்கம், இரண்டையும் பின்னிப் போகும் நூல் அது. எனக்கு அதில் மனைவி பக்கத்து நியாயமும் விடாமல் துரத்துகிறது. ஆயிரம் பேர் ஆமாம் என்றாலும், கூட வாழ்ந்த ஒருத்தி இல்லை என்றால் அதை எந்தத் தராசில் வைப்பது?

சட்டம் அதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. ஒரு விஷயம் நிரூபிக்கப்பட்டது என்றால், அது இருக்கிறது என்று கோர்ட் நம்ப வேண்டும், அல்லது விவேகமுள்ள ஒரு மனிதர் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டு காரியம் செய்யத்தக்க அளவுக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். 1872 சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருந்த வரையறை, புதிய சட்டத்திலும் அப்படியே வந்திருக்கிறது. கவனித்துப் பாருங்கள், முழு நிச்சயம் என்ற பேச்சே அதில் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். அங்கேதான் '=' குறியின் சொந்த வீடு. அந்தக் குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ்காரர் அறிமுகப்படுத்தினார். இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு இரண்டு பொருள் இருக்க முடியாது என்று அதற்குக் காரணமும் சொன்னார். நம் பள்ளிப் புத்தகத்தில் இன்னும் அழகான சொல் இருக்கிறது, முற்றொருமை. எந்த எண்ணைப் போட்டாலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகவே இருக்கும் சமன்பாடு. முற்ற முழுக்க ஒன்று.

எங்கள் அப்பா துறைமுகத்தில் வின்ச் டிரைவர். ராமானுஜன் அங்கே குமாஸ்தாவாக இருந்தார் என்பதைத் தன் குடும்பப் பெருமை போலச் சொல்வார். 1912 மார்ச் 1இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தனக்குச் சுமார் 23 வயது என்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. அப்போது 25 முடிந்திருந்தது. அந்த 'சுமார்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எங்கள் அம்மாவின் மனுவிலும் நான் 'சுமார் 66' என்றுதான் அடித்தேன்.

அவர் பெயர் தாங்கிய ஒரு முற்றொருமையைக் காசிமேட்டு மொழியிலேயே சொல்கிறேன். மீனைக் கூறு போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மீன் இருக்கிறது. இரண்டு விதமாகக் கூறு போடலாம்.

முதல் விதி: எந்த இரண்டு கூறை எடுத்தாலும் குறைந்தது இரண்டு மீன் வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்பதையும் ஒரே கூறாக வைக்கலாம். 8, 1 என்று வைக்கலாம். 7, 2. 6, 3. அப்புறம் 5, 3, 1. மொத்தம் ஐந்து வழி.

இரண்டாவது விதி: வித்தியாசத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஒரே அளவில் எத்தனை கூறும் போடலாம். ஆனால் ஒவ்வொரு கூறிலும் இருக்கிற மீனின் எண்ணிக்கை 1, 4, 6, 9 இவற்றில் ஒன்றில் முடிய வேண்டும். ஒன்பதும் ஒரே கூறு. 6 ஒன்று, மீதி ஒற்றை மீனாக மூன்று. 4, 4, 1. 4 ஒன்று, ஒற்றை மீன் ஐந்து. இல்லையென்றால் ஒன்பதும் ஒற்றை ஒற்றையாக. இதுவும் ஐந்து வழி.

தற்செயல் இல்லை. ஒன்பதுக்குப் பதில் எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டு விதியும் ஒரே எண்ணிக்கைதான் தரும். விதிகளைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எந்த உறவும் தெரியவில்லை, அக்கா வெள்ளியும் தங்கை வெள்ளியும் மாதிரி. 1894இலேயே எல். ஜே. ராஜர்ஸ் இதன் மூலச் சமன்பாட்டை நிரூபித்துவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. ராமானுஜன் இங்கே இருந்தபடியே தானாகக் கண்டுபிடித்தார், நிரூபணம் அவரிடம் இல்லை. மேஜர் மக்மஹோன் இதைக் கூறு போடுகிற கணக்காக மாற்றி, நிரூபணம் இல்லாத ஒன்று என்றே 1916இல் தன் நூலில் சேர்த்தார். 1917இல் ராமானுஜன் பழைய இதழ்களைப் புரட்டும்போது ராஜர்ஸின் கட்டுரை கண்ணில் பட்டது. அதற்கப்புறம்தான் 'ராஜர்ஸ்–ராமானுஜன்' என்று இரண்டு பெயரும் சேர்ந்தது. இந்த மக்மஹோன் பீரங்கிப் படை அதிகாரியாக 1873இல் மெட்ராஸுக்கு அனுப்பப்பட்டவர். முதல் விதிப்படி வந்த ஒவ்வொரு வழிக்கும் இரண்டாவது விதியில் இதுதான் ஜோடி என்று ஒன்றுக்கு ஒன்று சேர்த்துக் காட்ட 1981 வரை ஆனது. அதைச் செய்தவர்கள் கார்சியா, மில்ன் இருவரும்.

மக்மஹோனின் கூறு எண்ணிக்கைகளை வைத்தே ஒரு எண் பகா எண்தானா என்று சொல்லிவிடலாம் என்று வில்லியம் கிரெய்க், யான்-வில்லெம் வான் இட்டர்சம், கென் ஓனோ மூவரும் 2024இல் காட்டியிருக்கிறார்கள். இரண்டு கணக்குப் போட்டு இரண்டும் சமமாக வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. கையால் போட்டுப் பார்த்தேன். 5க்கு இந்தப் பக்கம் 72, அந்தப் பக்கமும் 72. 4க்கு 42, 24. வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணை அடையாளம் காண்பது, மனிதரின் முகத்தைப் பார்க்காமல் நிழலைப் பார்த்தே யார் என்று சொல்வது போல இருந்தது. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அதே 2024இல் கெவின் பஸ்ஸர்ட் வெளியிட்ட வேறொரு கட்டுரை. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். லீன் என்ற மென்பொருளில் கணித நிரூபணங்களை ஒவ்வொரு அடியாக எழுதிக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வைக்கிறவர். அவர் சொல்வது: பெரிய கணித மேதைகள்கூட '=' குறியைத் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். குரோத்தெண்டிக் மாதிரி 20ஆம் நூற்றாண்டுக் கணிதத்தையே மாற்றிப்போட்டவரும் அதில் சேர்த்தி. இரண்டு அமைப்புகள் நிஜத்தில் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை மற்றதாக மாற்ற இயல்பான ஒரே வழி இருக்கிறது என்பதால் 'ஒன்றுதான்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிற மனிதருக்குப் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. "இது அது இல்லையே" என்று நிறுத்திவிடும்.

நான் பென் டிரைவைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம்!

எனக்குப் புரிந்த அளவில் ஒரு சின்ன உதாரணம். மூன்று டப்பா வரிசையாக இருக்கின்றன. முதல் இரண்டை ஒரு பையில் போட்டு அந்தப் பையை மூன்றாவதோடு கட்டுகிறீர்கள். இன்னொருவர் பின் இரண்டைப் பையில் போட்டு முதல் டப்பாவோடு கட்டுகிறார். உள்ளே இருப்பது அதே மூன்று டப்பா, அதே வரிசை. ஒன்றா, வேறா? நாம் ஒன்று என்போம். மெஷின் வேறு என்று சொல்லும். ஒன்றை அவிழ்த்து மற்றதாகக் கட்டிக் காட்டு, அப்புறம் மேலே போகலாம் என்று சொல்லும். அந்த அவிழ்த்துக் கட்டுகிற வேலையைச் சொல்லாமல் தாண்டிப் போகிற இடங்கள் பெரிய நிரூபணங்களில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எங்காவது ஓட்டை இருக்குமா என்பதுதான் பஸ்ஸர்டின் கவலை. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய வோயிவோட்ஸ்கி இதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார். தன் பழைய கட்டுரையில் வருஷக்கணக்கில் யாரும் பார்க்காத தவறு இருந்ததைக் கண்டு கலங்கியவர் அவர். முழுக்க இணையான இரண்டை ஒன்று என்றே நடத்தலாம் என்று அடிப்படை விதியிலேயே எழுதி வைத்துக் கணிதத்தைப் புதிதாகக் கட்டப் பார்த்தார். 2017இல், 51 வயதிலேயே போய்விட்டார்.

என் வேலை சாட்சிக் கூண்டுக்கும் தாளுக்கும் நடுவில் இருப்பது. அதனால் நான் பஸ்ஸர்ட் பக்கம். 'ஒன்றுதான்' என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் எப்படி ஒன்று என்கிற பாதையையும் கூடவே எழுதி வையுங்கள். அம்மாவின் மனுவைத் திருப்பியவர்மேல் இருந்த ஆத்திரமும் இதில்தான் கொஞ்சம் தெளிந்தது. பாதையை எழுதிக் கொடு என்று கேட்டது தப்பில்லை. எழுதிக் கொடுத்த பிறகும் நம்பாமல் 14 மாதம் இழுத்ததுதான் தப்பு. வாயால் சொன்னதைவிடத் தாளில் இருப்பதே சத்தியம் என்ற பழக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து அலுவலகங்களில் எப்படி வேரூன்றியது என்று பவானி ராமன் 2012இல் ஒரு நூல் எழுதினார், மெட்ராஸ் ராஜதானியின் எழுத்தர்களைப் பற்றி. அதைக் கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வாசித்தேன். என் தொழிலின் பாட்டன் பூட்டன்களை முதன்முதலாக அதில்தான் பார்த்தேன்.

ஹாஷ் விஷயத்துக்கு வருகிறேன், இது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. எஸ்ஹெச்ஏ-256 தரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். பெரியதுதான், ஆனால் முடிவுள்ளது. உலகத்தில் சாத்தியமான ஃபைல்களுக்கு முடிவில்லை. அப்படியானால் ஒரே ஹாஷ் உள்ள இரண்டு வேறு ஃபைல்கள் எங்கோ இருந்தே தீரும். தேடிப் பிடிப்பதுதான் முடியாத காரியம். முடியாது என்பதைத்தான் நாம் நம்பி நிற்கிறோம். எம்டி5 என்ற பழைய முறையில் 2004இலேயே வாங் சியாவ்யுன் குழுவினர் அப்படி இரண்டைப் பிடித்துவிட்டார்கள். எஸ்ஹெச்ஏ-1 முறையில் 2017இல், ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்-களை ஒரே ஹாஷோடு வெளியிட்டார்கள். ஆனால் நம் படிவத்தில் மூன்றுக்கும் கட்டம் இருக்கிறது: எஸ்ஹெச்ஏ-1, எஸ்ஹெச்ஏ-256, எம்டி5. கணிதக்காரர்கள் உடைத்துக் காட்டிய பூட்டு இரண்டு இன்னும் கதவில் தொங்குகிறது. என்னிடம் வருகிற எல்லா வக்கீல்களிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்: 256 கட்டத்தில் போடுங்கள்.

தம்பி அன்று ராத்திரியே மூலக்கடையில் இருக்கிற அந்தக் கடைக்கே போய் டிவிஆரிலிருந்து நேரே பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு வந்தார். ஒன்பதரை மணி. நான் எழுத்து எழுத்தாக வாசிக்க, அவர் கடைப் பையன் எழுதிய தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். 64ஆவது எழுத்தும் சேர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். கருவியின் நிறம் கறுப்பு என்று அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்புகிற நேரத்தில் கல் வெட்டுகிறவர் போன் பண்ணினார். அம்மா போன வருஷம் இறந்துபோனார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் கல் நட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். வாரிசுச் சான்றிதழுக்கு ஏற்கெனவே மறுபடியும் அதே அஃபிடவிட் அடித்தாகிவிட்டது, இந்த முறை என் பெயரில். கோர்ட் காகிதங்களில் ஒரே ஆளின் இரண்டு பெயருக்கு நடுவில் 'அட்' (@) குறி போட்டுவிடுவது வழக்கம். ஈமெயில் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் குறியை நாங்கள் அதற்குத்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரு எழுதி அனுப்பிச்சிருக்கீங்களேம்மா. பெரிய பேர் மட்டும் போதுமா, ரெண்டும் வெட்டணுமா?"

"ரெண்டும் வெட்டுங்க அண்ணா."

"நடுவுல அந்த 'அட்' போட்டுடவா? இல்ல பிராக்கெட்ல போடட்டுமா? எழுத்துக்கு எழுத்து காசும்மா, அதான் கேக்கறேன்."

"இல்லண்ணா. 'என்கிற'ன்னு எழுத்துலயே வெட்டுங்க."

நாலு எழுத்துக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.